குறுங்காமா வெடிப்பின் தாய் கேலக்ஸியைக் கண்டுபிடிப்பது எப்படி?

குறுங்கால காமா கதிர் வெடிப்பு என்பது தொலைதூரக் கேலக்ஸியிலிருந்து வரும் காமா கதிர்களின் திடீர் மின்னல். அது பல சமயம் ஒரு விநாடிகூட நீடிக்காது. அது எந்தக் கேலக்ஸியில் நடந்தது, அதாவது எது அதன் தாய் கேலக்ஸி என்று தேடுவதுதான் பெரிய வேலை. ஒரு நோட்டு, கால்குலேட்டர், இணைய இணைப்பு இருந்தால் அந்தத் தேடலை நீங்களும் செய்து பார்க்கலாம். ஜிஆர்பி 130603பி (ஜிஆர்பி என்றால் காமா கதிர் வெடிப்பு) என்ற வெடிப்பை எடுத்துக்கொள்வோம்.

படி 1: பெயரையும் நேரத்தையும் பாருங்கள்

பெயரிலேயே தேதி இருக்கிறது: 2013 ஜூன் 3. 'பி' என்றால் அன்று பதிவான இரண்டாவது வெடிப்பு. இது நீடித்தது 0.18 விநாடி. 2 விநாடிக்குக் குறைந்தால் 'குறுகியது' என்பது வழக்கம். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன்கள் இறந்தபின் மிஞ்சும் மிக அடர்த்தியான உள்ளகங்கள்) மோதி ஒன்றாவதால் வருபவை இவை. ஆனால் அந்த 2 விநாடிக் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021 டிசம்பரில் ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்த ஒரு வெடிப்பும் மோதலின் அடையாளங்களோடு வந்தது.

படி 2: இடத்தைச் சுருக்குங்கள்

ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் காமா கருவி முதலில் சில ஆர்க்மினிட் அகல வட்டத்தைத்தான் தரும். (ஆர்க்மினிட் என்பது ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு, ஆர்க்செகண்ட் அதிலும் 60-ல் ஒரு பங்கு. முழு நிலா 30 ஆர்க்மினிட் அகலம்.) அதன் எக்ஸ்-கதிர் தொலைநோக்கி அதைச் சில ஆர்க்செகண்டுக்குக் குறைக்கும். அப்புறம் தரையிலுள்ள தொலைநோக்கிகள் பின்னொளிர்வை, அதாவது வெடிப்புக்குப் பின் மிஞ்சும் மங்கலான ஒளியைப் பிடித்துவிட்டால் ஒரு ஆர்க்செகண்டுக்குள் இடம் தெரிந்துவிடும். பின்னொளிர்வு வேகமாக மங்குவதால் இரவோடு இரவாக ஓடுகிறார்கள்.

படி 3: வானத்தைப் பாருங்கள்

லெகசி சர்வே வானப்பட இணையதளத்தில் வெடிப்பின் வான இருப்பிடமான 172.2007, 17.0717 என்ற எண்களைக் கொடுங்கள். சிம்ம விண்மீன் குழுவுக்குள் போய் நிற்கும். பெரிதாக்கிக்கொண்டே போனால் மங்கலாக ஒரு பொட்டு. நமக்கு வேண்டியது அதுதானா?

படி 4: தற்செயலா என்று கணக்குப் போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு கேலக்ஸி தாய் ஆகிவிடாது. வானத்தில் எங்கே விரலை வைத்தாலும் அருகில் ஏதாவது ஒரு கேலக்ஸி இருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 60 ஆர்க்செகண்ட் பக்கமுள்ள சதுரத்தில், நாம் சந்தேகிக்கும் கேலக்ஸி அளவுக்கோ அதைவிடவோ பிரகாசமான கேலக்ஸிகள் 4 என்று வைத்துக்கொள்வோம். சதுரத்தின் பரப்பு 3600. வெடிப்பு கேலக்ஸியின் மையத்திலிருந்து 2 ஆர்க்செகண்ட் தள்ளி இருக்கிறது என்றால், அந்த ஆரத்துக்கு வட்டம் போடுங்கள்: 3.14 × 2 × 2 = 12.6. இப்போது 12.6 × 4 ÷ 3600 = 0.014. தற்செயலாக அப்படி அமைய நூற்றுக்கு ஒன்றரை வாய்ப்புகூட இல்லை. நம்பலாம்.

அதையே 15 ஆர்க்செகண்டுக்குப் போட்டால் 0.79 வருகிறது. அவ்வளவு பெரிய வட்டத்துக்குள் சும்மாவே ஏறக்குறைய ஒரு கேலக்ஸி இருக்கும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பிரகாசமான கேலக்ஸிகள் அரிது என்பதால், அவை கொஞ்சம் தள்ளியிருந்தாலும் கணக்கு ஒத்துவரும். 2005 மே 9 அன்று வந்த ஜிஆர்பி 050509பி-யில் அதுதான் நடந்தது. எக்ஸ்-கதிர் வட்டத்துக்குள் மங்கலான கேலக்ஸிகள் பல இருந்தன. ஆனாலும் வட்டத்தின் ஓரத்தில் நின்ற ராட்சத நீள்வட்டக் கேலக்ஸியைத்தான் ஆய்வாளர்கள் தாய் என்று கருதினார்கள்.

படி 5: தூரம்

ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டரில் இருக்கும். 130603பி-யின் தாய் கேலக்ஸியின் ஒளியில் அது 890 அருகே நகர்ந்துவிடும். 890 ÷ 656.3 = 1.356. ஒன்றைக் கழித்தால் செந்நகர்வு (அண்டம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு) 0.356. அந்த ஒளி கிளம்பி ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

படி 6: மையத்திலிருந்து எவ்வளவு விலகல்?

வானியலாளர் நெட் ரைட்டின் இணைய அண்டவியல் கால்குலேட்டரில் 0.356 கொடுத்தால், அங்கே 1 ஆர்க்செகண்ட் என்பது சுமார் 16,000 ஒளியாண்டு என்று தெரியும். வெடிப்பு ஒரு ஆர்க்செகண்டுக்குச் சற்று மேல் விலகியிருந்தது. ஆக, சுமார் 17,000 ஒளியாண்டு.

ஏன் இந்த விலகல்? நியூட்ரான் விண்மீன் பிறக்கும் சூப்பர்நோவாவே (பெரிய விண்மீனின் இறுதி வெடிப்பு) அந்த ஜோடியை உதைத்துத் தள்ளிவிடும். விநாடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 100 கோடி ஆண்டுகள் போனால், ஈர்ப்பு பிடித்து நிறுத்தாதவரை 3 லட்சம் ஒளியாண்டுக்கு மேல் போய்விடலாம். நம் பால்வீதியின் அகலமே சுமார் 1 லட்சம்தான். சில வெடிப்புகளுக்குப் பக்கத்தில் கேலக்ஸியே தென்படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வெடிப்பு மோதல்தான் என்பதற்கு ஹப்பிள் ஒரு நல்ல தடயம் தந்தது. ஜூன் 13 அன்று எடுத்த அகச்சிவப்புப் படத்தில் ஒரு மினுக்கம் இருந்தது, ஜூலை 3 அன்று அது இல்லை. மோதலில் சிதறிய கனமான தனிமங்களின் ஒளி, கிலோநோவா. 2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 கேலக்ஸியில் நடந்த மோதலின் ஈர்ப்பலை (வெளியையே அசைக்கும் அலை) வந்து 1.7 விநாடியில் காமா கதிரும் வந்தபோது, இத்தகைய மோதல்களால் குறுகிய வெடிப்புகள் வருகின்றன என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

சரி, உங்களுக்கு ஒரு பயிற்சி. 050509பி-க்கு செந்நகர்வு 0.225, அங்கே 1 ஆர்க்செகண்ட் சுமார் 12,000 ஒளியாண்டு. விலகல் ஏறக்குறைய 10 ஆர்க்செகண்ட், ஆனால் இட வட்டத்தின் ஆரமே 9 ஆர்க்செகண்ட். மிகக் குறைந்த விலகல் எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு என்று இரண்டையும் போட்டுப் பாருங்கள்.