குளத்தங்கரையில் பழகும் தவறுகள்

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் விலங்கியல் படிக்கும் பலருக்குக் களத்தில் முதல் அனுபவம் அதுதான். ஆராய்ச்சி, ஆசிரியர் வேலை, மக்கள் அறிவியல் என்று பிறகு எந்தப் பக்கம் போனாலும் இங்கே பழகிய தவறுகள் கூடவே வருகின்றன.

அவற்றில் பெரியது, அபூர்வமானதை மட்டும் எழுதுவது. திருப்பூர் பக்கத்து நஞ்சராயன் குளத்தில் ஒரு மணி நேரம் நிற்பார்கள். வரித்தலை வாத்து உடனே செக்லிஸ்டில் ஏறும். காகம், மைனா, மடையான் எல்லாம் "எப்பவும் இருக்கறதுதானே" என்று விட்டுப்போகும். பார்த்த பறவைகளின் பட்டியலைப் பதியும் ஈபேர்ட் செயலி கடைசியில் ஒன்று கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா? "ஆம்" என்று அழுத்தினால், பட்டியலில் இல்லாத இனம் அன்றைக்கு உங்களுக்குத் தென்படவில்லை என்றுதான் ஆய்வாளர் எடுத்துக்கொள்வார். நூறு பட்டியல்களில் மைனா எத்தனையில் வந்தது என்று பார்த்துத்தான் அது பெருகுகிறதா, குறைகிறதா என்று கணிக்கிறார்கள். பார்த்த மைனாவை எழுதாமல் "ஆம்" அழுத்துவது பொய்ச்சாட்சி.

நேரமும் தூரமும் அப்படித்தான். அரை மணியில் பார்த்த இருபது இனமும் நாலு மணியில் பார்த்த இருபது இனமும் ஒன்றாகாது. காலை 7 மணியை இரவு 7 என்று பதிந்தால் தேன்சிட்டு இருட்டில் பூ தேடியதாகிவிடும்! சிங்காநல்லூர், உக்கடம், சூலூர் குளங்களை பைக்கில் சுற்றிவிட்டு ஒரே பட்டியலாகப் போடுகிறவர்களும் உண்டு. எந்தக் குளத்தில் எது குறைந்தது என்று அதிலிருந்து யாராலும் பிரித்தெடுக்க முடியாது. உண்ணிக்கொக்குக் கூட்டத்தை எண்ண முடியவில்லையா? எண்ணுக்குப் பதிலாக வெறும் 'எக்ஸ்' போடுவதைவிட நிதானமாகப் பார்த்த குத்துமதிப்பு எண் மேல். எந்தக் கொக்கு என்று சந்தேகமிருந்தால் "கொக்கு வகை" என்று நிறுத்திக்கொள்ளலாம். செயலி காட்டும் பெயரை அப்படியே ஏற்ற வேண்டியதில்லை.

கூட்டருகே போய்ப் படமெடுப்பது, ஒலி போட்டுப் பறவையை வரவழைப்பது இரண்டுக்கும் விளக்கமே தேவையில்லை. செய்யாதீர்கள்.

பல துறை சேர்ந்த ஆய்வு என்று திட்டத்தில் எழுதிவிட்டுத் தனித்தனியாக வேலை பார்ப்பது அடுத்தது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப்புல், அதை மேயும் மாடு. பறவை பார்ப்பவர் மரத்தையே பார்க்கிறார், தாவரவியல்காரர் புல்லை அளக்கிறார், புள்ளியியல்காரரைத் தரவெல்லாம் சேர்த்த பிறகுதான் தேடுகிறார்கள். எத்தனை காட்டில், எத்தனை முறை நிற்க வேண்டும் என்பதை முதலிலேயே அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

காட்டுக்காரரிடம், அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரிடம், பேசவும் தெரிய வேண்டும். "மேய்ச்சல் அடர்த்தி என்ன?" என்று படிவத்தை நீட்டினால் தலையைச் சொறிவார். "ஏனுங்கண்ணா, இந்தக் காட்டுல மாடு எப்ப வுட்டீங்க? எப்ப ஆறப்போட்டீங்க?" என்றால் மாதக் கணக்கோடு சொல்வார்.

கல்லூரி ஆசிரியர்கள் செய்வதும் ஒன்றுண்டு. மாணவர்களும் ஊர்க்காரர்களும் எண்ணித் தந்த தரவு ஆங்கிலக் கட்டுரையாகிறது. தந்தவர்களுக்கு நன்றியுரையில் ஒரு வரி. எந்த மாதம் எது வந்தது, போன வருஷத்தைவிட எது குறைந்தது என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒட்டுங்கள். கட்டுரை அச்சாகும்வரை அதற்குக் காத்திருக்காதீர்கள்.