பெயர்ச்சுவருக்கு வன்னியிலிருந்து பட்டியல் அனுப்பும்போது நடக்கும் பிழைகள்

2009 இல் இலங்கையின் வடக்கே வன்னியில் நடந்த இறுதிப் போரில் கொல்லப்பட்டவர்களுக்குப் புலம்பெயர் நகரம் ஒன்றில் பெயர் பொறித்த நினைவுத்தூபி கட்ட இடம் கிடைத்துவிட்டால் முதலில் படம் வரைவார்கள், அடுத்துக் காசு சேர்ப்பார்கள். பெயர்ப்பட்டியல் கடைசியில்தான் ஞாபகம் வரும். ‘இரண்டு கிழமைக்குள் அனுப்புங்கோ’ என்று வன்னிக்குத் தகவல் வரும். பாதிப் பிழைகள் அந்த இரண்டு கிழமைக்குள்தான் நடக்கின்றன. ஒரு கிராமத்துக்கே வீடு வீடாகப் போய்வர மூன்று மாதம் வேண்டும். படம் வரையத் தொடங்கும் அன்றே பட்டியல் வேலையும் தொடங்கவேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமான பிழை, காணாமல் ஆக்கப்பட்டவரை இறந்தவர் வரிசையில் போடுவது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று கொட்டகை போட்டு உட்கார்ந்த தாய்மார் கேட்டது ‘பிள்ளை எங்கே’ என்றுதான். அவர்களுடைய பிள்ளையின் பெயர் ‘கொல்லப்பட்டோர்’ என்ற தலைப்பின்கீழ் கல்லில் ஏறினால் அது அஞ்சலி ஆகாது. மரணச் சான்றிதழ் இருக்கிறதே என்று நீங்களாக முடிவெடுக்கவும் கூடாது. காணாமற்போனவர்களுக்கும் மரணச் சான்றிதழ் கொடுக்க 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இடம்விட்டது. காணி மாற்றவும் வங்கிக் காசு எடுக்கவும் வேறு வழியில்லாமல் அதை வாங்கிய குடும்பங்கள் உண்டு. காணாமற்போனமைச் சான்றிதழுக்கு 2016 இல்தான் வழி வந்தது. ஆகவே கடதாசியைப் பார்க்காமல் ஆளைக் கேளுங்கள். கொல்லப்பட்டோர், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர், பெயர் போடவேண்டாம் என்று மூன்று கட்டம் வையுங்கள். குடும்பத்தவரே அடையாளமிட்டுக் கையெழுத்து வைக்கட்டும். மனைவி ஒரு கட்டத்தையும் தாய் வேறு கட்டத்தையும் காட்டினால் இருவரும் ஒத்துவரும்வரை அந்தப் பெயரை நிறுத்திவையுங்கள். அவசரப்படுத்த எவருக்கும் உரிமையில்லை.

அடுத்தது ஒரே ஆள் இரண்டு முறை வருவது. செல்வராணி என்ற பெண்ணைத் தாய் ‘க. செல்வராணி’ என்று தகப்பன் எழுத்தோடு சொல்வார். பிரான்சில் இருக்கும் கணவனின் தம்பி ‘சி. செல்வராணி’ என்று அனுப்புவார். ஊரில் அவரைத் தெரிந்தது ராணியாக. ஆங்கிலத்தில் தட்டெழுதிய பட்டியலில் இதே பெயர் நான்கு விதமாக வரும். எனவே தகப்பன் பெயர், கணவன் அல்லது மனைவி பெயர், வீட்டுப்பெயர், வயது, சொந்த ஊர், இறந்த இடம், இறந்த நாள் ஆகிய ஏழு விபரமும் தனித்தனியே வேண்டும். எழுதுவது தமிழில் மட்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்னர் ஒரே ஆள் ஒரே முறையில் செய்யட்டும்.

வயதைச் சரிபார்க்கப் பழைய அடையாள அட்டை நன்றாக உதவும். முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும், பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. 71652 என்று தொடங்கினால் அவர் 1971 மே 31 இல் பிறந்த பெண். சரிபார்த்ததும் இலக்கத்தை விட்டுவிடுங்கள், அது வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் அப்படியே. இவற்றோடு முழுப் பட்டியலையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, பிறகு வீட்டுக்கு விசாரிக்க ஆள் வந்துவிட்டது என்று தலையில் கைவைத்துப் பயனில்லை. கல்லுக்குப் போகவேண்டியது பெயர், வயது, ஊர்.

இறந்த நாளை நேரே கேட்டால் பலருக்கு வராது. எங்கே இருந்தபோது என்று கேட்டால் வரும். சுதந்திரபுரம் என்றால் 2009 ஜனவரி கடைசி, பெப்ரவரி தொடக்கம். மாத்தளன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம் என்றால் பெப்ரவரிக்கும் ஏப்ரல் 20க்கும் இடையில். மாத்தளன் விழுந்தபிறகு, வலைஞர்மடத்தால் வந்து முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) என்றால் அதற்கும் மே 18க்கும் இடையில். இவ்வளவுக்குமேல் துல்லியம் கிடைக்காவிட்டால் ‘2009 ஏப்ரல்’ என்று மாதத்தோடு நிறுத்துங்கள். ஊகத்தில் ஒரு தேதியைப் பட்டியலில் எழுதினால், அந்தத் தேதியைச் சாட்டியே முழுச் சுவரையும் பொய்யென்று சொல்ல ஆள் வரும்.

இனி யாருடைய பெயர் வராமல் போகிறது என்பதைப் பாருங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சொந்தம் உள்ள குடும்பத்தின் பெயர் மூன்று தரம் வரும். 1977 கலவரத்துக்குப்பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியா எல்லையிலும் குடியேறிய கூலிக் குடும்பங்களின் பெயர் ஒரு தரமும் வராது, வெளிநாட்டில் அவர்களுக்கு ஆளில்லை. குடும்பத்தோடு ஒரே பங்கரில் இறந்துபோனவர்களின் பெயரைச் சொல்ல எவருமில்லை. இவர்களைத் தேட அயலவர், பாடசாலைச் சேர்வுப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு ஆகியவைதான் வழி. பெயர் வைக்குமுன் இறந்த குழந்தையை ‘இன்னாரின் பிள்ளை, 9 நாள்’ என்று தாயின் பெயரோடு போடலாம். விட்டுவிடாதீர்கள்.

சுவரின் தலைப்பில் மொத்த எண்ணிக்கை போட எல்லோருக்கும் ஆசை. 40,000 வரை இறந்திருக்கலாம் என்றது 2011 ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. 70,000க்கு மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்றது 2012 ஐ.நா. உள்ளக ஆய்வு. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் இலங்கை அரசின் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்தது 1,46,679. வன்னியில் இருந்தோராகப் பதிவான 4,29,059 இலிருந்து வெளியே வந்த 2,82,380 ஐக் கழித்து வந்தது அது, கணக்கில் வராதோர் தொகை. அதை ‘கொல்லப்பட்டோர் 1,46,679’ என்று பதிப்பவர்கள் ஆயர் சொல்லாததை ஆயர் சொன்னதாக்குகிறார்கள். எண் வேண்டுமென்றால் எவர், எப்போது, எதைச் சொன்னார் என்ற வரியோடு போடுங்கள். என்னைக் கேட்டால், எண்ணில்லாமல் பெயர் மட்டும் போதும்.

இயக்கப்பெயர் (புலிகள் இயக்கம் போராளிக்கு வைத்த பெயர்), தரநிலை, சின்னம் இவற்றைப் படிவத்தில் சேர்த்தால் அங்கே நகரசபைச் சட்டத்தரணியின் மேசையிலேயே கோப்பு நின்றுவிடும். பிரித்தானியாவில் 2001 முதலும், கனடாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2006 முதலும் புலிகள் இயக்கத்துக்குத் தடை உண்டு. கடைசி மாதங்களில் இயக்கம் பிடித்துக்கொண்டு போன பிள்ளையின் பெற்றோர் பெரும்பாலும் கேட்பதும் தாங்கள் வைத்த பெயரைத்தான்.

கல்வெட்டுபவரிடம் போகும் கோப்பில் வேறொரு ஆபத்து. இங்கே இன்னும் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டுகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுவதும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். யுனிகோட் என்றாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். தமிழுக்கு அமைக்காத வடிவமைப்பு மென்பொருளில் ‘கொ’ உடைந்து கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கமாக நிற்கும். தமிழ் தெரியாத தொழிலாளி அதையும் அழகாகவே வெட்டுவார். யுனிகோடில் தட்டி, எழுத்துகளைக் கோட்டுருவமாக (outline) மாற்றி, பீடிஎஃப் ஆக அனுப்பவேண்டும். வெட்டுமுன் உண்மையான அளவில் கடதாசியில் அடித்து, ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் கையெழுத்துப் படிவத்தோடு ஒப்பிடவேண்டும். எழுத்து உயரம் 15 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் புள்ளி சிறுத்து, பாசியும் தூசும் அடைத்து, ‘ன்’ ‘ன’ ஆகிவிடும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. தஞ்சாவூர் விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் திறந்து சில நாளிலேயே, 2013 நவம்பரில், நெடுஞ்சாலைக் காணியில் நிற்கிறதென்று மதிலையும் பூங்காவையும் இடித்தார்கள். எல்லைக்கல்லை அளந்து எழுத்தில் வாங்குவது அத்தனை முக்கியம். கனடாவின் பிரம்ரனில் 2021 இல் நகரசபை ஒப்புதல் கொடுத்தும், தூபி திறந்தது 2025 மே 10 இல். நான்கு வருடத்துக்கு மனதைத் தயார்படுத்துங்கள். திறந்தபிறகு கழுவுவதும் திருத்துவதும் யார் செலவு என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

முள்ளிவாய்க்கால் மண் ஒரு பிடி அனுப்பச் சொல்வார்கள். அனுமதியில்லாமல் வெளிநாட்டு மண்ணைக் கனடாவும் அவுஸ்திரேலியாவும் உள்ளே விடா. விமான நிலையத்தில் பறித்துக் குப்பையில் போடுவார்கள், அந்த மண்ணுக்கு அது வேண்டாம்.

கடைசியாக, கல்லின் அளவு. 25 மில்லிமீற்றருக்கு ஒரு வரி என்றால் 1.5 மீற்றர் உயரத்தில் 60 வரி. ஒரு மீற்றர் அகலத்தில் மூன்று நிரல் வைத்தால் 180 பெயர். ஆயிரம் பெயருக்கு ஆறு கல் வேண்டும். ஒன்பதாகப் போட்டு மூன்றை வெறுமையாக விடுங்கள். திறப்பு விழாப் படம் வந்த பிறகுதான் ‘எங்கட அண்ணாவின்ர பெயரில்லையே’ என்று தொலைபேசி வரத் தொடங்கும். கற்களைச் சாந்தால் ஒட்டாமல் தனித்தனியே ஊசியில் பூட்டுங்கள், பிழையான கல்லை மட்டும் கழற்றலாம். ஒரே பாறையில் வெட்டிய உபரிக் கல் இரண்டு களஞ்சியத்தில் இருக்கட்டும், பிறகு வாங்கினால் நிறம் சேராது.