குண்டு எழுத்தில் கடைப் பலகை: எங்கே கெடுகிறது?

தடித்து, முனை மழுங்கி, உருண்டு நிற்கும் எழுத்துக்குக் கலகலப்பான குணம். கும்பகோணம் டிகிரி காபிக் கடை, திருவையாறு அசோகா விற்கும் மிட்டாய்க் கடை, குழந்தைகள் துணிக்கடை, பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் பொருந்தும். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஆகவே ஆகாது. விலைப்பட்டியல், முகவரி போன்ற பொடி வரிகளுக்கும் வேண்டாம்.

கோடு பருக்கப் பருக்க, சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் சுருங்கும். கெடுவது பெரும்பாலும் அங்கேதான். நீடாமங்கலத்தின் ‘நீ’யில் மேலே உள்ள சுழி அடைத்துக்கொண்டால் ‘நி’ ஆகிவிடும். மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் தூரத்தில் ஒன்றாகத் தெரியும். மஞ்சப்பையில் ஸ்கிரீன் பிரிண்ட் போடும்போது மை துணியில் பரவுவதால் இது இன்னும் மோசம். அதனால் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன் ‘நீடாமங்கலம், சீர்காழி, கல்லணை, தஞ்சாவூர்’ என்று அடித்து, திரையில் விரல் நக உயரத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். சுழி திறந்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒரு படி மெலிந்த தடிமனுக்கு இறங்குங்கள். பாலூ தம்பி 2 எழுத்துருவில் 400 முதல் 800 வரை ஐந்து தடிமன்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பலர் மிகத் தடித்த 800 தடிமனைப் போட்டுவிட்டு, மென்பொருளின் ‘போல்ட்’ பொத்தானையும் அழுத்துகிறார்கள். அது எழுத்தின் ஓரத்தை எல்லாப் பக்கமும் வீங்க வைக்கும், சுழி மூடிக்கொள்ளும். வெள்ளை பார்டர் கொடுப்பதிலும் இதே சிக்கல். கோரல்டிரா மென்பொருளில் பார்டரை எழுத்துக்குப் பின்னால் போகும்படி வைத்து, மூலையை உருண்டையாக்குங்கள். கூர் மூலையை விட்டால் வளைவுகளில் முள் முளைக்கும்.

நீளமான பெயரைப் பலகைக்குள் அடக்கப் பக்கவாட்டில் நசுக்குவது டெல்டா முழுக்கக் காணும் வழக்கம். நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் அப்படியே இருக்கும், உருண்டை முனை முட்டை போலாகும். பெயரை இரண்டு வரியாக்குங்கள். அப்போது வரி இடைவெளி எழுத்தளவில் 140 சதவீதமாவது இருக்கட்டும். மேல்வரியின் ‘ழு’, ‘து’ கீழே இறங்கும், கீழ்வரியின் ‘கீ’யும் புள்ளியும் மேலே ஏறும்.

உயரத்துக்கு, பார்க்கும் தூரம் 10 அடிக்கு 1 அங்குலம் என்பது பலகைத் தொழிலின் கணக்கு. அதை மேல்சுழியும் புள்ளியும் சேர்த்து அளக்கக் கூடாது. ‘க’வின் உடலை மட்டும் அளக்க வேண்டும்.

போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்யாதீர்கள். விருப்பங்களில் டைப் பகுதிக்குப் போய் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து, வாசகத்தைப் புதிதாக அடியுங்கள்.

கடைசியாகப் புள்ளி. ஆட்டோவில் ஒட்டும் ஸ்டிக்கரிலும் அக்ரிலிக் எழுத்திலும் அது தனித் துண்டு. ஒட்டும் பரப்பு மிகச் சிறியது, முதலில் உரிவதும் அதுதான். ‘பால்’ என்பது ‘பால’ ஆகிவிடும். ஸ்டிக்கர் என்றால், எழுத்தையும் புள்ளியையும் சேர்த்து ஒரே பின்னணித் துண்டில் அச்சடித்து வெட்டச் சொல்லுங்கள். அக்ரிலிக் என்றால், புள்ளிக்குப் பசையோடு ஒரு ஸ்குரூவும் போடச் சொல்லுங்கள்.