வெளிநாட்டுச் சமாதானப் பயிற்சிக்குப் புறப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஷெனாண்டோவா பள்ளத்தாக்கிலுள்ள ஹாரிசன்பர்க் நகரில் ஈஸ்டர்ன் மெனோனைட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு 1994இல் தொடங்கிய கோடைக்காலச் சமாதானப் பயிற்சி, உலகெங்கும் களப்பணி செய்பவர்களை ஒரே வளாகத்தில் தங்கவைத்துக் கற்பிக்கிறது. லைபீரியாவின் உள்நாட்டுப் போரை நிறுத்தப் பெண்களைத் திரட்டி, 2011இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற லேமா போவீ இங்குப் பயின்றவர். தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் இத்தகைய பயிற்சிக்குச் செல்ல விரும்புவோர், இடம் கிடைத்ததுமே பாதி வேலை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் ஆயத்தம் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

முதல் தவறு, எந்த விசா என்பதைக் கேட்டறியாமலே விண்ணப்பிப்பது. ஒரே பாடத்தைப் பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் பாட மதிப்பு அலகான கிரெடிட்டுக்காகவும் படிக்கலாம், வெறும் பயிற்சியாகவும் படிக்கலாம் என்ற வசதி சில நிறுவனங்களில் உண்டு. பார்வையாளர் விசாவில் செல்பவர் கிரெடிட் தரும் பாடத்தில் சேரக்கூடாது என்பது அமெரிக்காவின் பொது விதி. எனவே எப்படிப் படிக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்குரிய ஆவணம் எது என்று நிறுவனத்தின் அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். சேர்க்கையை உறுதிசெய்து நிறுவனம் தரும் ஐ-20 படிவத்தை அனுப்பினால் அது எஃப்-1 மாணவர் விசாவுக்கானது. அதற்கு, விசாக் கட்டணத்துக்கு மேல், வெளிநாட்டு மாணவர்களைப் பதிவுசெய்யும் அமெரிக்க அரசின் செவிஸ் அமைப்புக்கான கட்டணமாக 350 டாலர் தனியே செலுத்த வேண்டும். நேர்காணல் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், மே மாத வகுப்புக்கு மார்ச்சில் விழித்துக்கொள்வது ஆபத்து. விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத விமானச் சீட்டை வாங்குவதும் வேண்டாம்.

அமெரிக்க விசாவுக்கு இணையத்தில் நிரப்பும் டிஎஸ்-160 விண்ணப்பப் படிவம் கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறது. எதையும் மறைக்காமல் நிரப்ப வேண்டும். அதே வேளையில், களப்பணியின்போது எடுத்த பாதிக்கப்பட்டவர்களின் முகங்களும் பெயர்களும் அக்கணக்குகளில் கிடக்கின்றனவா என்பது, விசாவுக்கு அப்பாலும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அவர்களுடைய சம்மதமின்றி அவை அங்கே இருக்கக் கூடாது.

இதைத் தொடர்ந்து வருவதே நான் மிகப் பெரிதாகக் கருதும் தவறு: பிறருடைய துயரத்தைத் தம்முடைய பாடப்பொருளாக எடுத்துச் செல்வது. இவ்வகுப்புகளில் பெரும்பாலும் ஒவ்வொருவரும் தம் ஊரின் ஒரு பிணக்கை முன்வைக்கும்படி கேட்கப்படுவார்கள். பெரிய தாளில் தரப்பினரை வட்டங்களாக வரைய வேண்டும். அதிகாரம் மிக்கவருக்குப் பெரிய வட்டம், அற்றவருக்குச் சிறிய வட்டம். பகை இருக்கும் இடத்தில் வளைந்து நெளியும் கோடு, உறவு மெலிந்த இடத்தில் புள்ளிக்கோடு. ஆயத்தமின்றிச் செல்பவர் இங்கே, காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாயின் கதையை, ஊரும் பெயரும் உட்பட அப்படியே சொல்லிவிடுவார். அந்த அறையில் அதே நாட்டின் மற்றொரு சமூகத்தவரும், அரசுப் பணியில் இருப்பவரும் இருக்கலாம். தாளைப் படமெடுத்து யாரேனும் பகிரவும் கூடும். ஆகவே புறப்படுமுன், சொல்லப்போகும் நிகழ்வுக்கு உரியவரிடம் அனுமதி பெறுங்கள். கிடைக்காவிட்டால் பெயரையும் ஊரையும் அடையாளம் தரும் விவரங்களையும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். நம் தரப்பு செய்த பிழையும் அந்த வரைபடத்தில் இடம்பெறுமா என்பதையும் வீட்டிலேயே யோசித்து வைப்பது நல்லது. எதிர்த்தரப்பை மட்டும் நெளிகோட்டால் சுற்றி வரைந்த தாளிலிருந்து எவரும் எதையும் கற்கப்போவதில்லை.

போரையோ வன்முறையையோ தாமே கடந்து வந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் இதே பல்கலைக்கழகம் மனக்காயத்தைப் பற்றிய தனிப் பயிற்சி ஒன்றையும் உருவாக்கியது. அத்தகைய வகுப்புகளில் பழைய நினைவுகள் திடீரென மேலெழுவது இயல்பே. ஊரில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காமல் செல்வதும், வகுப்பில் எல்லாவற்றையும் பேசியே ஆக வேண்டும் என்று தம்மை வற்புறுத்திக்கொள்வதும் தவறு. பேசாமலிருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

உடைமைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மருந்துகளை மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு, வாங்கிய அட்டையிலேயே கொண்டுசெல்லுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் காப்பீடு பொருந்துமா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க மருத்துவச் செலவை நம் ஊர்க் கணக்கில் மதிப்பிட முடியாது. அங்கு மின்சாரம் 120 வோல்ட் என்பதால், நம் ஊர்க் குக்கரும் கெட்டிலும் சரிவர வேலை செய்யா. மே மாத இரவுகள் குளிரும், ஸ்வெட்டர் ஒன்று கட்டாயம். கட்டணத்தில் தங்குமிடமும் உணவும் அடங்குமா, வார இறுதி உணவும் சேருமா என்பதைத் தனித்தனியே கேளுங்கள்.

அலுவலக வேலையை உடன் சுமந்து செல்வதும் பலர் செய்யும் பிழை. கோடையில் வர்ஜீனியா நம் நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கு இரவு எட்டரை என்றால் இங்கு மறுநாள் காலை ஆறு. பகலில் வகுப்பும் இரவில் அலுவலக அழைப்புகளுமாக இருப்பவர், மூன்றாம் நாளே வகுப்பில் தூங்கி வழிவார்; இரவு உணவுக்குப் பின் உடன் பயில்பவர்களோடு நீளும் உரையாடல்களையும் இழப்பார். பொறுப்புகளைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒருவரிடம் ஒப்படைத்து, அவசரத்துக்கு மட்டும் அழைக்குமாறு எழுத்தில் சொல்லிவிடுங்கள். வீட்டாரோடு பேச, அங்கே காலை ஏழு மணி வசதியானது. அப்போது இங்கே மாலை நான்கரை.