குர்குமின் பழ ஈயின் ஆயுளை நீட்டுகிறதா என்று சோதிக்கும் முறை

ஒரே நாளில் கூட்டிலிருந்து வெளிவந்த டிரோசோபிலா என்னும் பழ ஈக்களை இரண்டு நாள் இணைசேர விட்டு, பிறகு ஆண், பெண் எனப் பிரித்து, குப்பிக்கு 20 ஈக்களுக்கு மேற்படாமல் 25 டிகிரி செல்சியஸில் வளர்க்க வேண்டும். மஞ்சளிலுள்ள குர்குமின் நீரில் எளிதில் கரையாது என்பதால் அதை எத்தனாலில் கரைத்து, காய்ச்சிய சோளமாவு, ஈஸ்ட், சர்க்கரை, அகார் (உணவை இறுகச் செய்யும் பொருள்) கலவை சற்று ஆறியபின், இறுகுவதற்கு முன் சேர்க்கவும். குர்குமின் பெறாத ஒப்பீட்டுக் குழுவின் உணவிலும் அதே அளவு எத்தனால் இருந்தாக வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை புதிய குப்பிக்கு மாற்றி, இறந்தவற்றை எண்ணி, தப்பிப் பறந்தவற்றைத் தனியே குறித்து, இறுதியில் ஒவ்வொரு குழுவிலும் உயிரோடிருக்கும் ஈக்களின் விகிதம் நாள்போக்கில் குறைவதைக் காட்டும் கப்லான்-மேயர் வளைகோடுகளை, அவற்றின் வேறுபாடு தற்செயலானதா என்று கணிக்கும் லாக்-ரேங்க் சோதனையால் ஒப்பிடவும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது உணவின் அளவில்தான். குர்குமினின் சுவை பிடிக்காமல் ஈக்கள் குறைவாக உண்டால், அந்த உணவுக் குறைவே ஆயுளை நீட்டிவிடக்கூடும். ஆகவே நீலச் சாயம் கலந்த உணவைக் கொடுத்து, இரு குழுக்களும் உட்கொண்ட அளவையும் உணவு குறைந்தால் குறையக்கூடிய முட்டைகளின் எண்ணிக்கையையும் அளந்த பின்னரே முடிவை எழுத வேண்டும்.