அப்டேட்டுக்குப் பிறகு பிரௌசர் எச்சரித்தால்: செய்யக் கூடாதவை

சேலத்தில் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகளுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். பிரௌசர் அப்டேட் ஆன மறுநாள் போன் ஓயாது. "சிக்னேச்சர் எடுக்க மாட்டேங்குதுங்க, சிவப்பா என்னமோ வருதுங்க" என்பார்கள். இப்போது இந்த வேலைக்கு வரும் தம்பிகள் அதற்குச் செய்யும் வைத்தியத்தைப் பார்த்தால், அந்த நாளில் நாங்கள் எல்லோரும் செய்தது அப்படியே திரும்பி வருகிறது. கண்ட லிங்க்கை அமுக்காதே என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எச்சரிக்கையின் வாயை மொத்தமாக அடைப்பது

முன்பு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனை, அதாவது கையெழுத்துக்கான சாவி இருக்கும் யுஎஸ்பியைப் படிக்க, பிரௌசருக்குள்ளேயே ஜாவா பிளகின் என்ற துணை நிரல் இருந்தது. 2015 செப்டம்பரில் க்ரோம் 45 வந்தபோது அந்த வகைப் பிளகின்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 52-ம் ஃபிளாஷைத் தவிர மற்றவற்றை நிறுத்தியது. இப்போது அந்தக் கையெழுத்து வேலையைச் செய்யும் எம்சைனர் தனி மென்பொருளாக ஓடுகிறது. ஜிஎஸ்டி பக்கம் அதனுடன் 127.0.0.1:1585 என்ற முகவரியில் பேசுகிறது. 127.0.0.1 என்பது வேறெங்கும் இல்லை, நம் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான். எம்சைனர் தன் அடையாளமாகக் காட்டும் சர்டிபிகேட்டுக்கு வெளியார் யாரும் சாட்சி சொல்வதில்லை. அதனால்தான் பிரௌசர் தடுக்கிறது.

சரியான வழி சின்னது. எம்சைனரை வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிடுங்கள். புது டேபில் எச்டிடிபிஎஸ் சேர்த்து அந்த முகவரியை அடியுங்கள். எச்சரிக்கை வந்ததும் 'அட்வான்ஸ்டு' அமுக்கி, தொடரச் சொல்லுங்கள். அனுமதி அந்த ஒரு முகவரிக்கு மட்டும்தான் போகும். க்ரோம் அதை ஒரு வாரம் போல நினைவில் வைத்திருக்கும், அப்புறம் மறுபடி கேட்கும். "போன வாரம் நல்லாத்தானே இருந்தது" என்று பலரும் குழம்புவது இதனால்தான்.

இந்த ஒரு நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டு, தம்பிகள் எங்கேயோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு க்ரோம் ஷார்ட்கட்டின் 'டார்கெட்' பெட்டியில் 'இக்னோர் சர்டிபிகேட் எரர்ஸ்' என்ற கட்டளையை ஒட்டிவிடுகிறார்கள். எச்சரிக்கை போய்விடும், கையெழுத்தும் விழும், கஸ்டமர் முகமும் மலரும். ஆனால் அந்த ஷார்ட்கட்டில் திறக்கும் எல்லாத் தளத்துக்கும், பேங்க் உட்பட, சர்டிபிகேட் சரியில்லை என்று தடுத்து நிறுத்தும் பக்கம் இனி வராது. ஓர் அறைச் சாவி மாட்டிக்கொண்டது என்று வாசல் கதவையே கழற்றி வைக்கும் வேலை இது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

செவ்வாய்ப்பேட்டையில் பிரைவேட் லிமிடெட்டாக நடக்கும் ஒரு பருப்புக் கம்பெனி. அங்கே முகவரிப் பட்டைக்குக் கீழே தினமும் ஒரு பட்டை வந்திருக்கிறது: ஆதரவில்லாத கட்டளை ஓடுகிறது, பாதுகாப்பு குறையும் என்று. அக்கவுன்டன்ட் அம்மா காலையில் கடை திறந்ததும் அதைப் பெருக்கல் குறி அமுக்கி மூடிவிட்டுத்தான் வேலை தொடங்குவார். ரவுட்டரின் பாஸ்வேர்டு வாங்கியபோது இருந்ததே. யாரோ அதற்குள் புகுந்து, தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைக் காட்டும் டிஎன்எஸ்ஸை மாற்றியிருந்தார்கள். பேங்க் முகவரியைச் சரியாக அடித்தும் போலிப் பக்கம் திறந்தது. தடுத்திருக்க வேண்டிய சிவப்புப் பக்கம்தான் இல்லையே. ஓடிபி வராததால் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்து போன் செய்தார், பணம் தப்பியது. ஆனாலும் அக்கவுன்டை முடக்கி, பாஸ்வேர்டுகளை மாற்றி முடிக்கும்வரை பார்ட்டிகளுக்கு ஒரு பைசா அனுப்ப முடியவில்லை. சரக்கு லாரியிலேயே நின்றது. கட்டளையை ஒட்டிய பையனோ அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தான்.

ஆகவே, புது இடத்துக்குச் சர்வீஸுக்குப் போனால் முதலில் ஷார்ட்கட்டின் பிராபர்ட்டீஸைத் திறந்து பாருங்கள். குரோம் டாட் எக்ஸி என்பதற்குப் பின்னால் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால், ஏன் என்று தெரியாமல் விடாதீர்கள்.

"ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யவும்"

ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. இன்று அப்படிக் கேட்கும் பக்கம் எதுவானாலும் மோசடி என்றே கொள்ளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் கேட்கும் புது அனுமதி

அப்டேட் ஆன எக்ஸ்டென்ஷன் புது அனுமதி கேட்டால், நாம் ஒப்புக்கொள்ளும்வரை க்ரோம் அதை நிறுத்தி வைக்கும். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸில் பிடிஎஃப் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன், எல்லாத் தளங்களிலும் தரவைப் படிக்கவும் மாற்றவும் உரிமை கேட்டது. பிடிஎஃப்பை ஒட்ட அது எதற்கு? போனிலேயே நீக்கச் சொன்னேன். நல்ல பெயர் வாங்கிய எக்ஸ்டென்ஷனும் கைமாறலாம். 'தி கிரேட் சஸ்பெண்டர்' அப்படிப் புது உரிமையாளரிடம் போனபின், தீங்கு செய்யும் நிரல் இருப்பதாக 2021 பிப்ரவரியில் கூகுள் அதை எடுத்தது.

கூகுளில் தேடி எம்சைனர் இறக்குவது

வேண்டாம். ஜிஎஸ்டி போர்ட்டலுக்குள் இருக்கிறது, அங்கிருந்தே எடுங்கள்.

20-ம் தேதி காலையில் அப்டேட்

மாதாமாதம் 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவர்களுக்குக் கடைசி நாள் 20. அப்டேட்டை நிறுத்தவே வேண்டாம். 15-ம் தேதிக்குள் முடித்து, ஒரு முறை லாகின் செய்து டோக்கன் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். க்ரோம் முரண்டு பிடித்தால் எட்ஜில் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் வரவில்லையென்றால் குறை பிரௌசரில் இல்லாமல் இருக்கலாம்; டோக்கன் டிரைவரையும் பாருங்கள்.