ஆங்கில இலக்கிய வரலாறு: காலகட்டங்கள் குழம்பாமல் படிக்க

ஆசிரியர் பெயர்களை மனப்பாடம் செய்யும் முன், ஒரு தாளில் நீளக் கோடு போட்டு ஆறு ஆண்டுகளைக் குறியுங்கள்: 1066 நார்மன் படையெடுப்பு, 1476 இங்கிலாந்தில் காக்ஸ்டன் நிறுவிய முதல் அச்சகம், 1603 முதலாம் எலிசபெத்தின் மறைவு, 1660 முடியாட்சி மீட்பு, 1798 வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட கவிதைத் தொகுப்பு, 1901 விக்டோரியாவின் மறைவு. மற்றவை இவற்றுக்கு நடுவே தானாக வந்து உட்காரும்.

சிக்கல் எல்லையில் நிற்பவர்களிடம்தான். ஷேக்ஸ்பியரை மொத்தமாக எலிசபெத் காலத்தில் போட்டுவிடுகிறோம்; 'மேக்பெத்', 'கிங் லியர்' இரண்டுமே எலிசபெத்துக்குப் பின் வந்த ஜேம்ஸ் மன்னர் காலத்தவை. மில்டனைப் பியூரிட்டன் காலக் கவிஞர் (கடும் சீர்திருத்தக் கிறித்தவர்கள் ஓங்கியிருந்த, 1660க்கு முந்தைய காலம்) என்று படிக்கிறோம், ஆனால் 'பாரடைஸ் லாஸ்ட்' வெளிவந்தது முடியாட்சி மீட்புக்குப் பின், 1667இல். விக்டோரியா காலக் கவிஞர் ஹாப்கின்ஸ் இன்னும் மோசம்: இறந்தது 1889, கவிதைகள் நூலானது 1918. எனவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம் போடுங்கள், எழுதிய காலம், வெளியான ஆண்டு. பிறப்பு, இறப்பு ஆண்டுகளைவிட இது பயன்படும்.

காரணத்தையும் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். 1642இல் நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது; 1660இல் திறந்தபோது பெண் பாத்திரங்களில் பெண்களே மேடையேறினார்கள். இது தெரிந்தால்தான் மீட்புக்கால இன்பியல் நாடகத்தின் துணிச்சல் புரியும்.